டெட்ராய்ட்டில் தெரியாத கல்யாணம்

"அப்ப நான் பார்த்தது என்னவாம்?"

"நீ பார்த்தது நல்லாத்தாம்மா ஓடுச்சு. அக்கா வீட்டு டிவியிலதான் தெரியலையாம்."

"ஒரே டேப்பு லா. இங்க தெரியுது, அங்க தெரியலையா? அமெரிக்காவுல என்ன, குருட்டு டிவியா விக்கிறான்?"

"சாம்பல் கலர்ல கோடு கோடா ஓடுதாம். படம் நிக்காம மேல மேல உருளுதாம். பாட்டெல்லாம் குருவி கத்துற மாதிரி கேக்குதாம்."

"குருவி!" அம்மாக்கண்ணு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஓங்கி உதறினாள். காலையிலிருந்து அதில் ஒட்டியிருந்த தேயிலைத் துணுக்குகள் தரையெங்கும் சிதறின. "மூணு டேப்பு அனுப்பியாச்சு. மூணுலயும் குருவியா? பார்க்க மனசில்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போகலாம்ல? எதுக்கு இந்தக் கதை?"

நவமணி சிதறிய துணுக்குகளைக் கையால் கூட்டி அள்ளினாள். ரிங்லெட் டவுனில், அவள் வேலை பார்க்கும் மாமா அமிர்தலிங்கத்தின் வீடியோ கடைக்கு வந்த போனை எடுத்தவள் அவள்தான். அக்கா சொன்னதை அப்படியே மனதில் ஏந்திக்கொண்டு எஸ்டேட்டுக்கு ஏறி வந்து ஒப்பித்தவளும் அவள்தான். ஒப்பித்ததோடு வேலை முடியவில்லை. அக்காவுக்காக வாதாடவும் வேண்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால், எதை வைத்து வாதாடுவது என்பது அவளுக்கே தெரியவில்லை. டேப் இங்கே நன்றாகத்தான் ஓடியது.

அக்கா காளியம்மா நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போனவள். அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தாவி, டெட்ராய்ட் என்ற ஊரில் ஓர் ஆஸ்பத்திரி, ஒரு புருஷன், ஒரு பெண் குழந்தை என்று வேர் பிடித்துவிட்டாள். தம்பி பழனியப்பன் கல்யாணத்துக்கு வருவதற்கு டிக்கெட் கூட எடுத்திருந்தாள். புறப்படும் வாரத்தில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. "வீடியோ புடிச்சு அனுப்புங்க, நான் இங்கயிருந்தே பார்த்துக்கிறேன்" என்று போனில் அழுதாள்.

கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டியவை. மூத்தவள் இருக்கும்போது இளையவள் அதில் கை வைக்கக் கூடாது. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில், பழனியப்பன் முதல் முடிச்சைப் போட்டு முடித்ததும் நவமணி குனிந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "ரெண்டாவது முடிச்சு உனக்கு. மூணாவது காளிக்கு. அவ பேரச் சொல்லிப் போடு" என்றாள், கோயிலே கேட்கும்படி. நவமணியும் அப்படியே போட்டாள். மணப்பெண் செல்லம் குனிந்த தலையோடு மூக்கை உறிஞ்சினாள். ஐயர் கூட ஒரு கணம் மந்திரத்தை நிறுத்தினார்.

அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு மூத்த மகள் ஏதாவது சொல்வாள் என்று அம்மா காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் குருவி வந்தது. இரண்டாவது டேப்புக்கும் அதே குருவி வந்ததும் அம்மா போனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கூப்பிடும்போது, "அம்மா எங்கடி?" என்பாள். "கால் வலிக்குதாம்" என்பாள் நவமணி. மலையெல்லாம் ஏறிக் கொழுந்து எடுக்கிற கால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதை அக்கா நம்பியிருக்க மாட்டாள்.

அமிர்தலிங்கம் மாமா சும்மா இருக்கவில்லை. கல்யாணத்தை வீடியோ எடுத்தவரே அவர்தான்; ரிங்லெட்டில் வீடியோவுக்கு வைத்தியம் பார்ப்பவரும் அவர் ஒருவர்தான். முதல் டேப் தெரியவில்லை என்றதும், "காப்பியிலிருந்து காப்பி எடுத்தது, அதான் மங்கிடுச்சு" என்று சொல்லி, மூல டேப்பிலிருந்தே புதிதாக எடுத்துக் கொடுத்தார். இரண்டு டெக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் உள்ளே துடைத்து, புது வயர் மாட்டி எடுத்த காப்பி அது. அதுவும் தெரியவில்லை. "டேப்பு மிச்சம் பிடிக்க மெதுவான வேகத்துல எடுத்துட்டேன், அவங்க ஊர் டெக்குக்கு அது பிடிக்கல" என்றார் அடுத்து. முழு வேகத்தில் எடுத்து மூன்றாவதை அனுப்பினார். அதுவும் உருண்டது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "குளிர்ல டேப்பு உறைஞ்சு போகுமோ?" என்றார். டெட்ராய்ட்டில் பனி பெய்யும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

நவமணிக்கு அந்தப் பனியை நினைத்துப் பார்க்கப் பிடிக்கும். கடையில் ஆள் இல்லாத பிற்பகல்களில், மலையிலிருந்து மூட்டம் இறங்கி கண்ணாடிக் கதவை மூடும்போது, அதையே பனியாக்கிக்கொள்வாள். வெள்ளைத் தெரு, ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே கோட்டு போட்ட அக்கா. அக்கா வீட்டுக்குள் போய் டிவியைப் போடுவாள். அங்கே தம்பியின் கல்யாணம் சாம்பலாக உருண்டுகொண்டே இருக்கும். அந்த இடத்தில் நவமணிக்குக் கனவு பிடிக்காமல் போய்விடும்.

விஜயன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நவமணி கடையில் போன் பேசிவிட்டு வீடு திரும்பிய பிறகு. ஈப்போக்காரர், டெட்ராய்ட்டில் அக்கா புருஷனோடு ஒரே கம்பெனியில் வேலை. பெற்றோரைப் பார்க்க வந்தவர், அன்று இரவே விமானம் ஏற வேண்டும். அதற்குள் தாப்பா வழியாக மலையேறி, அக்கா கொடுத்த பொட்டலத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். பழனியப்பனும் செல்லமும் திரிங்காப்பில் செல்லத்தின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் வீட்டில் அம்மாவும் நவமணியும் மட்டும்தான்.

பொட்டலத்தில் ஒரு சுவெட்டர், மிட்டாய், ஒரு வீடியோ டேப்.

"காளியம்மாவும் பாப்பாவும் பேசியிருக்காங்கம்மா. நான்தான் என் கேமராவுல எடுத்தேன்" என்றார் விஜயன். தோளில் மாட்டியிருந்த பெரிய கறுப்புக் கேமராவைத் தட்டிக் காட்டினார். மாமாவின் கேமராவைப் போல இடுப்பில் ஒரு டெக்கைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. டேப் அதன் வயிற்றுக்குள்ளேயே போய்விடும்.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு டிவிக்கு நேராக உட்கார்ந்தாள். டிவியும் டெக்கும் செல்லத்தின் சீரோடு வந்தவை. அவள் வீட்டார் முட்டைக்கோஸ் விற்ற காசில் வாங்கியவை, பளபளவென்று இருந்தன. நவமணி டேப்பை உள்ளே தள்ளினாள்.

சாம்பல் நிறத்தில் கோடுகள் ஓடின. ஒரு முகம் கீழேயிருந்து மேலே உருண்டு போயிற்று. பின்னாலேயே அதே முகம் மறுபடி உருண்டு வந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு தடித்த குரல் இழுத்து இழுத்துக் கேட்டது: "அம்... மா... ஆ... நல்... லா..."

"யாரு இது? ஆம்பளையா?" என்றாள் அம்மா.

"அக்காம்மா."

"இதா? எருமை கத்துற மாதிரி இருக்கு."

நவமணி ஓடிப்போய் டெக்கின் குமிழைத் திருகினாள், டேப்பை வெளியே எடுத்து ஊதினாள், மறுபடி போட்டாள். எருமை விடாமல் கத்தியது. விஜயன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அடச்சே, எனக்கு உரைக்கவே இல்ல பாருங்க! நீங்க அனுப்பின டேப்புக்கும் இதே சீக்குதான். இந்த ஊர் டிவி வேற சாதி, அந்த ஊர் டிவி வேற சாதி. இங்க டிவி வினாடிக்கு இருபத்தஞ்சு படம் காட்டும், அங்க முப்பது. டேப்பு ஓடுற வேகமும் வேற, கலர் கலக்குற விதமும் வேற. வெளியில பார்க்க ஒரே டேப்பு மாதிரிதான் இருக்கும். உள்ள ஒத்துப் போகாது."

"அங்க போனா குருவி, இங்க வந்தா எருமை" என்றாள் நவமணி மெதுவாக.

"அதேதான்."

அம்மா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டுபோன முகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு முகமும் உருண்டது. குட்டி எருமை ஏதோ சொன்னது.

"தம்பி" என்றாள் அம்மா. "இந்த மாதிரியா அவளுக்குத் தெரிஞ்சுச்சு? எங்க வீட்டுக் கல்யாணம்?"

"இதே மாதிரிதான்மா. மூணு டேப்பையும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தாங்களாம். எங்கயாவது ஒரு இடத்துல நிக்காதான்னு."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேநீர் போடத்தான் போனாள். ஆனால் தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் வரவில்லை. திரும்பி வந்தபோது தம்ளரை விஜயன் கையில் கொடுத்துவிட்டு, "பாவி, கடைசி வரைக்குமா பார்த்தா?" என்று மட்டும் கேட்டாள்.

விஜயன் அதற்குள் அந்த டேப்பைத் தன் கேமராவுக்குள் போட்டிருந்தார். கேமராவை டிவியோடு சேர்க்கும் வயரும் காதில் மாட்டும் கருவியும் டெட்ராய்ட்டிலேயே தங்கிவிட்டன. ஆனால் கேமராவின் கண்ணாடித் துளைக்குள் படம் தெரியும், கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு. அம்மா ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை அதில் பொருத்தினாள்.

"நிக்குது!" என்றாள் உடனே. "உருளாம நிக்குது. காளி நிக்கிறா. என்னடி இப்படி இளைச்சுட்டா? இதாரு... சின்னது... அடியே, பேசுது! என்ன பேசுது?"

"சத்தம் கேக்காதும்மா. படம் மட்டும்தான்."

"வாய் மட்டும் அசையுது" என்றாள் அம்மா. கண்ணை எடுக்கவே இல்லை. அவள் வாயும் கூடவே அசைந்தது.

விஜயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்புறதுக்கு முன்னால உங்களக் கொஞ்சம் புடிச்சுட்டுப் போறேன்மா. காளியம்மா பார்ப்பாங்க."

பின்னால் டிவி வெறுமையாக இருக்க வேண்டாம் என்று நவமணி டெக்கில் பழனியப்பனின் கல்யாண டேப்பைப் போட்டாள். அம்மா டிவி பக்கத்தில் விறைத்து நின்றாள், ஐடென்டிட்டி கார்டுக்கு போட்டோ எடுப்பவள்போல. விஜயன் கேமராவில் புது டேப்பைப் போட்டுச் சிறிது எடுத்து, சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீயும் பாரு" என்று கேமராவை நவமணியிடம் நீட்டினார்.

துளைக்குள் குட்டி அம்மா நின்றாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் குட்டி டிவி. அந்த டிவிக்குள் அதைவிடக் குட்டியாக பழனியப்பன் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். உருளவில்லை. லேசாக மினுமினுத்தது, ஒரு நிழல் பட்டை மெதுவாக ஏறிப்போயிற்று, அவ்வளவுதான்.

"அண்ணே," நவமணி துளையிலிருந்து கண்ணை எடுத்தாள். "டிவிக்குள்ள இருக்குறத இந்தக் கேமராவாலயே புடிச்சா? இது உங்க ஊர் கேமராதானே. இதுக்குள்ள போறது எல்லாம் உங்க ஊர் டேப்பாத்தானே வரும்?"

விஜயன் அவளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "வரும்! பட்டை ஓடும், தெளிவு கொறயும். ஆனா வரும். பாட்டரிதான் பிரச்சனை. இதோட சார்ஜர் இந்த ஊர் கரண்டுல போட்டா புகைஞ்சுடும். மிச்சம் இருக்குறத வச்சு ஒரே தடவைதான் எடுக்கலாம்."

அதன் பிறகு வீட்டில் இருவர் வேலை செய்தார்கள், ஒருத்தி வழிமறித்துக்கொண்டு நின்றாள். டிவிக்கு எதிரே மேசையைப் போட்டு, அரிசி டின்னின் மேல் தலையணை வைத்து, அதன் மேல் கேமராவை உட்கார வைத்தார்கள். கிட்டே வைத்தால் திரையின் வளைவு படத்தை உப்ப வைத்தது. பின்னால் தள்ளி, லென்ஸை இழுத்துப் பிடித்தார் விஜயன். டிவியின் பளீரென்ற வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க அந்த நிழல் பட்டை மங்கிப்போவதை நவமணி கண்டுபிடித்தாள். கேமராவின் பக்கவாட்டில், வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்ய ஒரு பொத்தான் இருந்தது. சூரியன் படம் ஒரு பக்கம், பல்பு படம் மறு பக்கம். வீட்டுக்குள் எடுப்பதால் பல்புதான் என்றார் விஜயன். டிவி வெளிச்சம் நீலமாக இருப்பதால் சூரியன் என்றாள் நவமணி. மாமா கடையில் ஒருமுறை டிவி ஓடும்போது எடுத்த படத்தில் எல்லார் முகமும் நீலமாக வந்திருந்தது. சூரியனுக்கே தள்ளினார்கள். சரியா தப்பா என்று பார்க்க வழியில்லை. துளைக்குள் தெரிவது கறுப்பு வெள்ளை. செல்லத்தின் கூறைப்புடவை டெட்ராய்ட்டில் சிவப்பாக இறங்குமா, பச்சையாக இறங்குமா என்பது ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

"ஜன்னல் தெரியுதே" என்றார் விஜயன். திரைக் கண்ணாடியில் ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையும் அப்படியே விழுந்திருந்தன. மணப்பெண்ணின் நெற்றியில் ஒரு மலைச்சரிவு.

"கம்பளியக் கட்டு" என்றாள் அம்மா. முதல் முறையாக வழியைவிட்டு விலகி, தானே பெட்டியிலிருந்து மூன்று கம்பளிகளை எடுத்து வந்தாள். ஜன்னலில் ஒன்று, அடுப்படி வாசலில் ஒன்று. வாசல் கதவைச் சாத்தி அதன் மேல் ஒன்று. உள்ளே கும்மிருட்டு. டிவி மட்டும் ஒரு சின்ன நிலா.

நவமணி டேப்பை மனப்பாடமாக அறிவாள். மாமாவோடு உட்கார்ந்து வெட்டி ஒட்டியவளே அவள்தானே. விருந்தாளிகள் கோயிலுக்குள் நுழையும் இடத்துக்கு ஓட்டி நிறுத்தினாள். அங்கிருந்து தாலி வரைக்கும் பாட்டரி தாங்கும் என்று விஜயன் கணக்குப் போட்டார். டெக்கையும் கேமராவையும் ஒன்றாகத் தட்டிவிட்டார்கள். கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எஸ்டேட்டில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால், ஒன்று காய்ச்சல் முற்றியிருக்க வேண்டும், இல்லை அதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் போய் விசாரிக்காமல் இருப்பது மரியாதை ஆகாது. இந்தச் சட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பெண்களுக்கும் அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. ஜன்னலில் கம்பளியை வேறு கட்டியிருந்தார்கள்.

திரையில் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"அம்மாக்கண்ணு! ஏய், அம்மாக்கண்ணு! உடம்புக்கு என்ன?" பக்கத்து வீட்டு வேலம்மாவின் குரல். யாரும் பதில் சொல்லாததால் அவளே கதவைத் தள்ளிக்கொண்டு, கம்பளியைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் பின்னால் லோரி டிரைவர் முனியாண்டி. அவன் பின்னால் இன்னும் பலர்.

"பகல்ல கம்பளிய கட்டி என்னா படம் பாக்குறீங்க? போலீஸ் வந்தா நான் ஜாமீன் போட மாட்டேன்" என்றான் முனியாண்டி.

நவமணி உதட்டில் விரலை வைத்தாள். கத்தினால் அவள் கத்துவதும் பதிவாகும். கேமராவின் முன்பக்கத்தில் இருந்த மைக், அறையில் ஈ பறந்தாலும் வாங்கிக்கொள்ளும். அவள் கையை ஆட்டினாள், கண்ணை உருட்டினாள். விஜயன் கேமராவைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்கு வேலம்மாவும் கும்பிட்டாள்.

"காளிக்குப் புடிக்கிறாங்க. அமெரிக்காவுக்கு" என்றாள் அம்மா, உரக்க. நவமணி தலையில் கை வைத்தாள்.

"அப்படியா! அப்ப சத்தம் போடாதீங்கப்பா" என்று வேலம்மா கூட்டத்தை அதட்டிவிட்டு, எல்லாரும் உட்கார்ந்ததும் தானே ஆரம்பித்தாள். "இந்தப் பாட்ட கொறச்சு வையேன். காது கிழியுது." முனியாண்டி எட்டி டிவியின் சத்தத்தைத் திருகினான்.

மாமாவின் கல்யாண வீடியோக்களில் யாரும் பேசமாட்டார்கள். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை சினிமாப் பாட்டு. அதுதான் அவர் கடையின் பெருமை. நாதஸ்வரம், மந்திரம், அம்மா மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நவமணியே வரிசையாகப் பாட்டுகளை ஏற்றியிருந்தாள். இப்போது அந்தப் பாட்டும் அடங்கிப்போக, கல்யாணம் ஊமையாக நடந்தது. லயம் பேச ஆரம்பித்தது.

"அந்தா வர்றது யாரு, நீலச் சட்டை?"

"நம்ம செல்லையா மவன் லா. காளி போறப்ப இடுப்புல துணியில்லாம திரிஞ்சான். இப்ப மீசையப் பாரு."

"முனியாண்டி, நீ எங்கடா இங்க பந்தி பக்கமே நிக்கிற?"

"நான் நிக்கலக்கா. கேமராக்காரன் நான் போற எடத்துக்கெல்லாம் வந்துட்டான்."

"காளி, இது நான்தான்டி, வேலம்மா! பச்சைப் புடவை. பல்லு கட்டியிருக்கேன், பாரு!" என்று வேலம்மா திரையில் தன்னைக் கண்டதும் கேமராவைப் பார்த்துக் கையாட்டினாள்.

நவமணிக்கு அழுகை வரும்போல இருந்தது. பாட்டரி கோடுகளில் ஒன்று அணைந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுக்க முடியாது. எல்லாம் போச்சு என்று விஜயனைப் பார்த்தாள். விஜயன் திரையைப் பார்க்கவில்லை. பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் அவள் பக்கம் சாய்ந்து, மைக்குக்குக் கேட்காத குரலில், "விடு. பேசட்டும்" என்றார்.

நவமணி காதுகொடுத்தாள். அக்கா போனபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்கள். தெளிவான படம் போயிருந்தாலும் அவளுக்கு யாரைத் தெரிந்திருக்கும்? பாட்டுக்கு வாயசைக்கும் அந்நிய முகங்கள். இப்போது ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்து பேர் சொன்னது. இன்னாருக்கு மகன், இன்னாருக்கு மருமகள், இவள் அந்தக் காலத்தில் உன்னோடு தானா ராத்தா டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். நவமணி கையாட்டுவதை நிறுத்தினாள்.

மேளம் வேகமெடுத்தது; ஊமை மேளம், கைகள் மட்டும் பறந்தன. பழனியப்பன் தாலியோடு குனிந்தான்.

அறை தானாகவே அடங்கிற்று. முதல் முடிச்சு. படத்தில் நவமணி முன்னால் வந்தாள், குனிந்தாள். அம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. படத்தில் அம்மாவின் வாய் அசைந்தது. பெட்டியிலிருந்து மெல்லிய குரலில் யாரோ ஒரு பாடகி நிலவைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன சொல்ற அங்க? கேக்கலையே" என்றான் முனியாண்டி.

அம்மாக்கண்ணு அதுவரை கதவோரம், கம்பளியின் மேல் சாய்ந்து நின்றிருந்தாள். இப்போது கூட்டத்தைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களின் தோள்களைப் பிடித்துக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நீல வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் விழுந்தது.

"ரெண்டாவது முடிச்சு நவமணிக்கு" என்றாள், திரையில் அவள் வாய் அசைந்து முடிந்த கையோடு. "இது, இப்ப போடுறா பாரு, இது மூணாவது. இது உன்னோடது, காளி. உன் பேரச் சொல்லிப் போட்டது. எல்லாரும் கேட்டாங்க. பாட்டு போட்டு மறைச்சுட்டாங்க, அதனால நானே சொல்றேன்."

"நாங்க கேட்டோம்டி காளி!" என்றாள் வேலம்மா.

"கேட்டோம், கேட்டோம்" என்றது இருட்டு.

திரையில் அட்சதை பறந்தது. நவமணி துளையில் கண்ணை வைத்தாள். மஞ்சள் அரிசியும் பூவும் கறுப்பு வெள்ளையில் பனிபோலச் சரிந்து விழுந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டரியின் கடைசிக் கோடு சிமிட்டத் தொடங்கியிருந்தது. விஜயன் விரலால் காட்டினார்: இன்னும் கொஞ்சம்தான்.

"ம்மா," நவமணி கிசுகிசுத்தாள், "முடியப் போகுது. அக்காகிட்ட வேற ஏதாவது சொல்லணுமா?"

அம்மா திரையிலிருந்து திரும்பினாள். கேமராவை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முதலில் தலையணையைப் பார்த்தாள், பிறகு சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இந்தத் தடவை விறைத்து நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலியோரம் பேசுகிறவள்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

"காளி, உன் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. மிஷினு பண்ணின கூத்து. பாப்பாவப் பார்த்தேன், ஒத்தக் கண்ணால பார்த்தேன். என்னமோ சொல்லுச்சு, வாய் அசையுது, ஒன்னும் கேக்கல. டிவியில கேட்டா எருமை. அவ குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. வர்ற ஞாயித்துக்கிழமை நானே ரிங்லெட்டுக்கு இறங்கி வர்றேன். லிங்கம் கடையில போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். நீ எங்கூட பேசுறதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். மொதல்ல போன அவ கையில குடு. என்ன வேணா பேசட்டும், இங்கிலீசா இருந்தாலும் சரி. ஒரு வார்த்தை, அவ குரல்ல. பேசச் சொல்றியா, தாயி?"